சிலை இல்லாத சன்னிதி, பின்கட்டில் கல்லறை: தைவானின் ஒரு ஹக்கா கோயிலைப் புரிந்துகொள்ள

ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் தைவானிலிருந்து ஒரே மாதிரியான படங்கள் வரும். மலைபோல் பெருத்த ஒரு பன்றியை அறுத்து, தோலோடு விரித்து, வளைந்த சட்டத்தின் மேல் போர்த்தியிருப்பார்கள். வாயில் ஒரு முழு அன்னாசிப்பழம். முதுகில் மட்டும் ஒரு பட்டைக் கருமயிரை மழிக்காமல் விட்டிருப்பார்கள். சுற்றிலும் வண்ண விளக்கு வைத்த அலங்காரத் தட்டி. படத்துக்குக் கீழே, இது விலங்கு வதை என்று ஒரு கூட்டமும், எங்கள் பண்பாடு என்று இன்னொரு கூட்டமும் மல்லுக்கு நிற்கும்.

பன்றி யாருக்குப் படைக்கப்படுகிறது என்ற கேள்வியை அங்கே பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அது போவது வடமேற்குத் தைவானின் ஷின்ச்சு மாவட்டத்தில், ஷின்பு என்ற சிற்றூரில் உள்ள யிமின் கோயிலுக்கு. ஹக்கா மக்களின் கோயில்களில் மிக முக்கியமான ஒன்று. அதன் மூல சன்னிதியில் தெய்வச் சிலை கிடையாது. கோயிலுக்குப் பின்னால் இரண்டு பெரிய கல்லறைகள் இருக்கின்றன. இவற்றின் காரணம் தெரிந்தால் பன்றி விவகாரமும் பாதி விளங்கிவிடும்.

## முதலில், ஹக்கா மக்கள் யார்?

ஹக்கா மக்கள் சீனாவின் பெரும்பான்மை இனமான ஹான் சீனர்களில் ஒரு பிரிவினர். தனி மொழி உண்டு. குவாங்டாங், ஃபூஜியன், ஜியாங்சி ஆகிய மூன்று மாநிலங்களும் சந்திக்கும் மலைப்பகுதிதான் தாயகம். மெய்சோவ், ஹுய்சோவ், திங்சோவ் போன்ற ஊர்களின் பெயர்கள் ஹக்கா வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும். வடக்கிலிருந்து அலை அலையாகத் தெற்கே இறங்கியவர்கள் என்பது அவர்களே சொல்லும் மரபு. எங்கே போனாலும் நல்ல வயல் ஏற்கெனவே வேறொருவர் கையில் இருந்தது. மிஞ்சியது மலையடிவாரமும் மேட்டுநிலமும்.

தைவானிலும் அதே கதைதான் நடந்தது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் மேற்குக் கரையின் செழிப்பான சமவெளியைப் பெரும்பாலும் ஃபூஜியன் கரையோரத்து மக்கள் பிடித்தார்கள். அவர்களுக்குள்ளேயே இரண்டு அணி: ஜாங்சோவ்காரர்கள், சுவான்சோவ்காரர்கள். (1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த துறைமுகம் இதே சுவான்சோவ்தான்.) ஹக்காக்கள் எண்ணிக்கையில் குறைவு. தண்ணீருக்கும் நிலத்துக்கும் இந்த இரண்டு அணியோடும் போட்டி. மலைப்பக்கம் நகர்ந்தால் தீவின் பழங்குடி மக்களோடு மோதல்.

கட்டடக்கலைக்குள் போகும்முன் ஒரு தவறான எண்ணத்தைத் தள்ளிவைக்க வேண்டும். ஹக்கா என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஃபூஜியனின் வட்டமான மண்கோட்டை வீடுகள். 2008-இல் அவற்றில் 46 கட்டடங்கள் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தபின் அந்தப் படம் ஆழமாகப் பதிந்துவிட்டது. ஆனால் அந்த வீடுகளில் கணிசமானவை ஹக்கா அல்லாதவர்கள் கட்டியவை. தவிர, ஹக்கா கோயில்கள் வட்டமாக இருப்பதில்லை. தைவானில் ஹக்கா கோயிலும் பக்கத்து ஊர் ஃபூஜியன் கோயிலும் எதிரெதிரே நின்றால், கூரையைப் பார்த்து எது யாருடையது என்று சொல்வது கடினம். என் கணிப்பில், ஒரு கோயிலை ஹக்கா கோயில் ஆக்குபவை மூன்று: அதைக் கட்டிய கூட்டம், உள்ளே வழிபடப்படுபவர், கட்டடத்தை ஊர் பயன்படுத்தும் விதம்.

## 1787: கலகம் எப்படிக் கோயிலில் போய் முடிந்தது?

ஷின்பு கோயிலின் தொடக்கம் லின் ஷுவாங்வென் கலகம். சீனாவை ஆண்ட சிங் பேரரசின் காலத்தில் தைவானில் நடந்த கலகங்களிலேயே பெரியது இது. பல நூல்கள் 1786 என்று போடும், சில 1787 என்று போடும். இரண்டும் சரிதான். சீன நாட்காட்டிப்படி அந்த ஆண்டு முடியவில்லை. நாம் பயன்படுத்தும் நாட்காட்டியில் ஜனவரி பிறந்துவிட்டது. நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால்:

1. 1782-இல் நடுத்தைவானின் சாங்குவா பகுதியில் ஜாங்சோவ்காரர்களும் சுவான்சோவ்காரர்களும் பெரிய அளவில் வெட்டிக்கொண்டார்கள். அந்தப் பகை ஆறவே இல்லை.

2. லின் ஷுவாங்வென் ஒரு ஜாங்சோவ்காரர், 'வானும் மண்ணும்' என்ற ரகசியச் சங்கத்தின் உள்ளூர்த் தலைவர். சங்கத்தை ஒடுக்க அதிகாரிகள் ஊர்களை எரிக்கத் தொடங்கியதும் அவர் ஆயுதம் எடுத்தார். சாங்குவா விழுந்தது. சில நாளில் வடக்கே இன்றைய ஷின்ச்சு நகரமும் விழுந்தது.

3. கலகம் அரசுக்கு எதிரானதுதான். ஆனால் அதை நடத்தியவர்களில் பெரும்பான்மை ஜாங்சோவ்காரர்கள். மற்ற கூட்டத்தாரின் கண்ணுக்கு, பழைய எதிரி ஆயுதத்தோடு வருவதாகவே பட்டது. ஷின்ச்சு சுற்றுவட்டார ஹக்காக்கள் தங்கள் ஊரைக் காக்கத் தாங்களே படை திரட்டினார்கள். சுவான்சோவ்காரர்களும் சமவெளிப் பழங்குடியினரும் சேர்ந்துகொண்டார்கள்.

4. இப்படித் திரண்ட ஊர்ப்படையினருக்கு அரசு வைத்த பெயர்தான் 'யிமின்', அதாவது நெறிக்காக நின்ற மக்கள். ஷின்ச்சுவை மீட்டபின் அவர்களில் பலர் தெற்கே சாங்குவா வரை போய்ச் சண்டையிட்டார்கள். அங்கே நிறையப் பேர் செத்தார்கள்.

5. 1787-இன் கடைசியில் தளபதி ஃபுகாங்கான் பெரும்படையோடு லுகாங் துறைமுகத்தில் இறங்கினார். 1788-இன் தொடக்கத்தில் லின் பிடிபட்டார். சியான்லோங் பேரரசர் விசுவாசத்துக்குப் பரிசு வழங்கினார். முற்றுகையைத் தாங்கிய ஜுலுவோ ஊருக்குச் சியாயி என்று புதுப் பெயர் வைத்தார். அலிசான் மலைக்குப் போகிறவர்கள் இறங்கும் ஊர் அதுதான். ஹக்காக்களுக்கு 'விசுவாசத்தைப் போற்றுகிறோம்' என்ற பொருளில் 'பாவ்ஜோங்' என்ற இரண்டெழுத்துப் பட்டயம் வந்தது. கோயிலின் முறையான பெயரில் இன்றும் அந்த இரண்டெழுத்துதான் முன்னால் நிற்கிறது.

## மாடு நகர மறுத்த இடம்

சண்டை ஓய்ந்ததும் ஊர்ப்பெரியவர்கள் சிதறிக் கிடந்த உடல்களையும் எலும்புகளையும் திரட்டினார்கள். இருநூறுக்கும் மேற்பட்டவை என்பது கோயில் மரபு. எது யாருடையது என்று பிரிக்க முடியாத நிலை. மாட்டுவண்டிகளில் ஏற்றி வேறோர் இடத்தில் புதைக்கத்தான் கிளம்பினார்களாம். ஷின்பு அருகே ஃபாங்லியாவ் என்ற இடம் வந்ததும் மாடுகள் நின்றுவிட்டன. அடித்தாலும் நகரவில்லை. பிறைவடிவ மரத்துண்டுகள் இரண்டை உருட்டிக் குறி கேட்டார்கள். இங்கேயே இருக்கிறோம் என்று இறந்தவர்கள் சம்மதம் சொன்னதாக விழுந்தது.

மாடு நின்றது கதை. அந்த நிலத்தைத் 'தாய்' என்ற குலப்பெயர் கொண்ட ஒரு குடும்பம் கொடையாகக் கொடுத்தது வரலாறு. லின் சியென்குன் முதலான ஊர்த்தலைவர்கள் முன்னின்று 1788-இல் கட்டுமானத்தைத் தொடங்கினார்கள், 1790-இல் முடித்தார்கள். அதாவது முதலில் வந்தது கல்லறை, கோயில் பிறகு அதற்கு முன்னால் எழுந்தது. இந்த வரிசை தெரியாமல் உள்ளே போனால் கட்டடத்தின் அமைப்பு குழப்பமாகத்தான் இருக்கும்.

## முன்வாசலிலிருந்து பின்கட்டு வரை

இந்தக் கோயிலில் நடந்துபோவதாக வைத்துக்கொள்வோம்.

முற்றவெளி. கோயிலுக்கு முன்னால் பெரிய திறந்தவெளி. திருவிழா நாளில் மேடை, படையல் பந்தல், நாடகம், கூட்டம் எல்லாம் இங்கேதான். தென்சீனக் கோயில்களில் இந்த வெளியும் கோயிலின் ஒரு பகுதி. சாமி உள்ளிருந்து நாடகம் பார்க்க வேண்டும் என்பதால் மேடை கோயிலைப் பார்த்துத்தான் இருக்கும்.

கூரை. முகட்டின் இரு முனைகளும் மேல்நோக்கி வளைந்து, நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். இதற்கு 'குருவிவால்' முகடு என்று பெயர். முகட்டின் மேல் பறவைகள், பூக்கள், குதிரைவீரர்கள் என்று வண்ணக் கூட்டம். கிட்டப் போய்ப் பார்த்தால் அந்த வீரனின் கவசம் முழுக்க உடைந்த கிண்ணத் துண்டுகள்! பளபளக்கும் பீங்கான் கிண்ணங்களைக் குறட்டால் செதில் செதிலாக நறுக்கி, சுண்ணாம்புச் சாந்தால் செய்த உருவத்தின் மேல் ஒவ்வொன்றாகப் பதிப்பார்கள். சாந்து இறுகிப் பிடிக்கப் பசையரிசிக் கஞ்சியும் சர்க்கரைப் பாகும் சேர்ப்பது பழைய முறை. பெருமழைக்கும் புயலுக்கும் வண்ணப்பூச்சு வெளிறிவிடும், பீங்கான் வெளிறாது. கடலோரத் தென்சீனம், வியட்நாம், தைவான் முழுக்க இந்தக் கலை பரவியதற்கு இது ஒரு காரணம்.

சட்டகம். மண்டபத்துக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் தச்சரின் கைவரிசை தெரியும். கூரையின் பாரம் மரத்தூண்களிலும் உத்தரங்களிலும் இறங்குகிறது. கீழே நீளமான உத்தரம், அதற்குமேல் குட்டையான ஒன்று, அதற்கும்மேல் இன்னும் குட்டையான ஒன்று என்று அடுக்குவார்கள். இரண்டு உத்தரங்களுக்கு நடுவே முட்டுக்கொடுக்கும் குட்டைத்தூண் பறங்கிக்காய் வடிவில் உருண்டிருக்கும். அதன் அடிப்பகுதி கீழ் உத்தரத்தைக் கவ்விப் பிடித்திருக்கும். மூன்று உத்தரமும் ஐந்து பறங்கிக்காயும் கொண்ட அடுக்குதான் தைவான் கோயில்களில் முழுமையான அமைப்பாகக் கருதப்படுகிறது. எல்லாம் பொருத்தும் பொளியும் போட்டுக் கோத்தவை. நிலநடுக்கத்தில் இந்த மூட்டுகள் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும்.

இதுவரை சொன்ன எதுவும் ஹக்காக்களுக்கு மட்டும் உரியதில்லை. பணம் இருந்த ஊர்கள், ஹக்காவோ இல்லையோ, ஃபூஜியன் கைவினைஞர்களை வரவழைத்துக் கட்டின. விதிவிலக்கு ஒன்று சொல்லலாம். தெற்கே தைனான் நகரில் 1742-இல் தொடங்கிய மூன்று மலை அரசர்கள் கோயில் குவாங்டாங் மாநிலத்தின் சாவோசோவ் பாணியில் இருக்கிறது. தைவானில் இது அபூர்வம். அந்த மூன்று மலைத் தெய்வங்களை ஹக்கா தெய்வம் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். ஹக்கா அல்லாத சாவோசோவ்காரர்களும் அவர்களைக் கும்பிடுகிறார்கள்.

தரைப்படம். ஹக்கா வாடை இங்கேதான் அடிக்கத் தொடங்குகிறது. முன்மண்டபம், நடுவே வானம் பார்த்த முற்றம், பின்மண்டபம், இருபக்கமும் நீண்ட பக்கக்கட்டுகள் என்பது பொதுவான அமைப்பு. ஹக்கா கோயில்களில் அந்தப் பக்கக்கட்டுகளுக்கு நிறைய வேலை இருந்தது. இதை விளங்கிக்கொள்ள நல்ல எடுத்துக்காட்டு, வடக்கே தாம்சுய் ஊரில் உள்ள யின்ஷான் கோயில். திங்சோவ் ஹக்காக்கள் 1822-இல் கட்டத் தொடங்கியது, தெய்வம் திங்குவாங் புத்தர். இரண்டு மண்டபம், இரண்டு பக்கக்கட்டு, முன்னால் அரைவட்டக் குளம். பக்கக்கட்டு அறைகள் முழுக்கத் தங்குமிடம். கப்பலில் வந்து இறங்கும் திங்சோவ்காரருக்கு அந்த ஊரில் சொந்தமும் இல்லை, அவர் மொழி பேசுகிறவரும் குறைவு. முதல் சில நாள் இங்கே படுத்து, வேலை விசாரித்து, அப்புறம் கிளம்புவார். கோயில், சத்திரம், ஊர்ச்சங்கம் மூன்றும் ஒரே கூரையின் கீழ்.

யின்ஷான் பற்றி ஒரு வேடிக்கையான கதையும் உண்டு. கோயில் ஒரு தவளையின் மேல் அமர்ந்திருப்பதாக நிலக்குறி பார்ப்பவர்கள் சொன்னார்களாம். முன்குளம் தவளையின் வாய், பின்னாலுள்ள இரண்டு கிணறுகளும் கண்கள். தவளை தங்கள் ஊரின் அதிர்ஷ்டத்தை விழுங்குகிறது என்று பயந்த பக்கத்து ஊர்க்காரர்கள் உயரமான தூண்டில் கம்பு நட்டு அதைப் பிடிக்கப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு கண் குருடாகி, அந்தக் கிணற்றுத் தண்ணீர் கலங்கிப்போனதாகக் கதை முடிகிறது. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் வந்தேறிய சிறுபான்மைக்கும் ஏற்கெனவே குடியிருந்தவர்களுக்கும் இருந்த நிலத்தகராறு இதைவிடத் தெளிவாக எழுதிவைக்கப்பட்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

பின்கட்டு. ஷின்புவுக்குத் திரும்புவோம். பின்மண்டபத்தைக் கடந்து வெளியே வந்தால் புல் மூடிய பெரிய மேடு, முன்னால் கல் முகப்பு, ஊதுபத்திச் சட்டி. இதுதான் 1788-ஆம் ஆண்டுக் கல்லறை. பக்கத்தில் இரண்டாவது கல்லறை. 1862-இல் தாய் சாவோசுன் என்பவர் தலைமையில் மறுபடி கலகம் மூண்டபோது செத்த ஊர்ப்படையினர் அதில் இருக்கிறார்கள்.

கோயிலுக்குப் பின்னால் மேடு என்ற இந்த அமைப்பைப் பழைய ஹக்கா வீடுகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மெய்சோவிலும் தென்தைவானிலும் பழைய பெருவீடுகளின் முன்னால் அரைவட்டக் குளமும், முன்னோர் கூடத்தின் முதுகுக்குப் பின்னால் அரைவட்ட மண்மேடும் இருக்கும். அந்த மேட்டைக் கருவுற்ற வயிறாகக் கருதுவார்கள். குடும்பத்தின் உயிர்ச்சக்தி அதில் தேங்கி நிற்பதாக நம்பிக்கை. தென்தைவானில் ஊர்க்காவல் தெய்வமான 'போகுங்' மேடைகளிலும் பழையவற்றுக்குக் கூரை கிடையாது. கல்லறை மாதிரி, பின்னால் சிறு மேடும் முன்னால் கல்லும் மட்டும் இருக்கும். ஷின்புவில் கல்லறையை வேண்டுமென்றே அந்த வீட்டு அமைப்பைப் பார்த்து வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வழிபாட்டிடத்தின் முதுகில் ஒரு மேடு இருப்பது ஹக்காக்களின் கண்ணுக்கு உறுத்தியிருக்காது.

## தெய்வமா, முன்னோரா, ஆவியா?

சீன நாட்டார் வழிபாட்டில் கண்ணுக்குத் தெரியாதவர்களை மூன்று வகையாகப் பிரிப்பது வழக்கம்.

1. தெய்வம்: சிலை வைப்பார்கள், கோயில் கட்டுவார்கள், ஊரே கும்பிடும்.
2. முன்னோர்: பெயர் எழுதிய மரப்பலகை வைப்பார்கள். குடும்பம் சோறு படைக்கும்.
3. ஆவி: கும்பிட வாரிசு இல்லாமல் செத்தவர்கள். சீன நாட்காட்டியின் ஏழாம் மாதத்தில் ஊர் சேர்ந்து படையலிட்டுச் சாந்தப்படுத்தி அனுப்பும். கேட்பாரற்ற எலும்புகளுக்குச் சாலையோரத்தில் சின்ன மாடம் கட்டுவதும் உண்டு.

ஷின்புவின் யிமின்கள் இந்தப் பிரிவு எதிலும் ஒழுங்காக உட்காரமாட்டார்கள். கோயில் இருக்கிறது, ஆயிரக்கணக்கானோர் கும்பிடுகிறார்கள், ஆகவே தெய்வம். சன்னிதியில் இருப்பதோ 'பேரரசர் பட்டம் சூட்டிய குவாங்டாங் விசுவாச யிமின்' என்று எழுதிய பலகை, ஆகவே முன்னோர். எலும்புகள் பின்னால் கிடக்கின்றன, பெயர்கள் தெரியாது, திருவிழா வருவது ஏழாம் மாதம் 20-ஆம் நாள், ஆகவே ஆவி. ஃபூஜியன் மரபினர் சிலர் இதைச் சாலையோர எலும்பு மாடத்தோடு ஒப்பிடும்போது ஹக்காக்களுக்குக் கோபம் வருவது இதனால்தான். ஆய்வாளர்களும் இன்னும் ஒரு முடிவுக்கு வந்தபாடில்லை.

என்னைக் கேட்டால், கும்பிடுகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதே நல்ல வழி. திருவிழாவில் காவடித்தண்டு போட்டு இருபக்கமும் கூடையில் சமைத்த சாப்பாட்டைச் சுமந்துகொண்டு கோயிலுக்கு வருகிறார்கள். அன்று சண்டைக்குப் போனவர்களுக்கு ஊர் இப்படித்தான் சோறு கொண்டுபோய்க் கொடுத்ததாம். இது வீட்டுப் பெரியவர்களுக்குச் செய்கிற காரியம்.

சிலை இல்லாததில் ஒரு நடைமுறை விளைவும் உண்டு. ஷின்புவிலிருந்து பிரிந்து வேறு ஊருக்குக் குடிபோனவர்கள் சாமியைக் கூட்டிப்போக விரும்பினால், எதை எடுத்துப்போவது? கறுப்புக் கொடி ஒன்றை வாங்கிக்கொண்டு போவார்கள். வீட்டில் அந்தக் கொடிக்கு ஊதுபத்தி ஏற்றுவார்கள், விழாவுக்கு அதைத் தாய்க்கோயிலுக்குத் திரும்பக் கொண்டுவருவார்கள். தைவானில் பல கிளைக் கோயில்கள் கொடியிலிருந்து தொடங்கியவைதான்.

## பதினைந்து வட்டாரங்களின் முறை

இருநூறு பேரின் கல்லறை எப்படி இவ்வளவு பெரிய நிறுவனமானது? விடை முறைப்பட்டியலில் இருக்கிறது. ஷின்ச்சு, தாவ்யுவான் பகுதிகளின் ஹக்கா ஊர்கள் 15 வட்டாரங்களாகச் சேர்ந்திருக்கின்றன. வருடம் ஒரு வட்டாரம் திருவிழாவை நடத்தும். 19-ஆம் நூற்றாண்டில் குறைந்த எண்ணிக்கையில் தொடங்கி, ஒவ்வொன்றாகச் சேர்ந்து 15 ஆனது. ஆகவே ஒரு வட்டாரத்துக்கு முறை வருவது 15 ஆண்டுக்கு ஒரு தடவை. ஒருவர் வாழ்நாளில் நாலைந்து தடவைதான் பார்க்க முடியும். அதனால் முறை வந்த வருடம் ஊரே கடன்பட்டாவது செலவழிக்கும்.

ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு பிரதிநிதிப் பெயர் உண்டு. அது பெரும்பாலும் அந்தக் காலத்து முதல் குடும்பத்தின் பொதுப்பெயர். அந்தத் தலைமுறை மறைந்து நூறு ஆண்டு ஆனாலும் விழா அழைப்பிதழில் அதே பெயர்தான் அச்சாகும், பொறுப்பு அந்தக் குடும்பத்தில் தொடரும். கோயிலுக்கு நிலம் சேர்ந்தது, குத்தகை வந்தது. பிற்காலத்தில் கோயில் ஒரு பள்ளிக்கூடமே நடத்தியது. நீதிமன்றமும் காவல்துறையும் எட்டாத மலையடிவாரத்தில், வாய்க்கால் தண்ணீரையும் எல்லையையும் பேசித் தீர்க்க இந்த ஊர்களுக்கு ஒரு பொது இடம் தேவைப்பட்டது. கோயில் அந்த இடமானது.

## அப்படியானால் பன்றி?

ஹக்கா விவசாயி வீட்டில் பன்றிதான் சேமிப்பு. மிச்சச் சோற்றிலும் சர்க்கரைவள்ளி இலையிலும் வளர்த்து, வருடக்கடைசியில் விற்பார்கள். வீட்டில் இருப்பதிலேயே விலையுயர்ந்ததை இறந்த வீரர்களுக்குக் கொடுப்பது தொடக்கத்தில் இருந்த எளிய தருக்கம். முறை 15 ஆண்டுக்கு ஒரு தடவை வரும்போது, யார் கொண்டுவருவது பெரியது என்ற போட்டி தானாகவே உள்ளே வந்துவிடும். எடைக்கல் வந்தது, முதல் பரிசு வந்தது, குடும்பத்தின் பெயர் ஊரெல்லாம் தெரிந்தது.

இறைச்சிக்கு விற்கும் சாதாரணப் பன்றி சுமார் 120 கிலோ இருக்கும். போட்டியில் வெல்லும் பன்றி 600 கிலோவைத் தாண்டும். இரண்டு மூன்று வருடம் தனிக்கொட்டிலில் வைத்து, ஆள்போட்டு ஊட்டி வளர்க்கிறார்கள். பாரம் தாங்காமல் காலூன்றி நிற்கவே முடியாத விலங்கு அது. விலங்கு நல அமைப்புகள் எதிர்ப்பது பலியையும்விட இந்த வளர்ப்பு முறையை, குறிப்பாகக் கட்டாயமாக ஊட்டுவதை. இந்த வேறுபாடு சமூக ஊடகச் சண்டையில் மங்கிவிடுகிறது.

எதிர்ப்புக்குப் பலன் இல்லாமல் போகவில்லை. அரிசி மூட்டைகளை அடுக்கிப் பன்றி உருவம் செய்து படைக்கும் குடும்பங்கள் இப்போது உண்டு. எடைப்போட்டியை மட்டும் நிறுத்திவிட்டுச் சாதாரணப் பன்றியைப் படைத்தால் போதாதா என்று ஹக்காக்களே கேட்கிறார்கள். வழிபாட்டின் உள்தருக்கப்படி இதில் தடை எதுவும் எனக்குத் தெரியவில்லை. பன்றியோடு வைக்கும் ஆட்டுக்கு எடை பார்ப்பதே இல்லை, கொம்பு எவ்வளவு நீளம் என்றுதான் பார்க்கிறார்கள்.

## விசுவாசிகளா, துரோகிகளா?

இந்தக் கோயிலைச் சுற்றி இன்னொரு வாதம் இருக்கிறது, பன்றியைவிடப் பழையது. அரசுக்கு எதிராக எழுந்த லின் ஷுவாங்வென் மக்கள் வீரர் என்றால், அவரை எதிர்த்தவர்கள் யார்? பேரரசரின் கைக்கூலிகளா? தைவான் அடையாள அரசியல் வலுப்பெற்ற காலத்தில் இந்தக் கேள்வி ஹக்காக்களைக் குத்தியது.

'பாவ்ஜோங்' பட்டயம் ஹக்காக்களுக்குப் பெருமை சேர்த்தது உண்மை. ஆனால் அது அரசு தன் தேவைக்குக் கொடுத்த விளக்கம். சண்டைக்குப் போன விவசாயி பேரரசரை நினைத்துப் போனார் என்பதற்கு ஆதாரம் குறைவு. பக்கத்து ஊர் எரிவதைப் பார்த்துப் போனார் என்பதற்கு ஆதாரம் அதிகம். 1895-ஐயும் சேர்த்துப் பார்த்தால் இது தெளிவாகும். சிங் அரசு தைவானை ஜப்பானுக்கு விட்டுக்கொடுத்த வருடம் அது. எந்தப் பேரரசரும் கேட்காமலேயே, ஷின்ச்சு வட்டார ஹக்காக்கள் ஜப்பானியப் படையை எதிர்த்தார்கள். பெய்பு ஊரின் ஜியாங் ஷாவோசு இருபது வயதிலேயே அதில் உயிர்விட்டார். யிமின் கோயிலை ஜப்பானியர் எரித்தார்கள். இன்று நாம் பார்க்கும் கட்டடம் அதற்குப் பிந்தைய மறுகட்டுமானத்தின் வழி வந்தது. பின்னாலிருந்த கல்லறைகள்தான் பழையபடியே நின்றன.

1988 டிசம்பர் 28-இல் ஹக்கா மொழிக்கு ஒலிபரப்பில் இடம் கேட்டு ஆயிரக்கணக்கானோர் தைபேயில் ஊர்வலம் போனார்கள். 2001-இல் ஹக்கா விவகாரங்களுக்கென்று அரசில் தனித்துறை வந்தது. நகரத்துக்குக் குடிபெயர்ந்து, மொழியை இழந்துகொண்டிருந்த ஹக்காக்களுக்கு எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒரு சின்னம் வேண்டியிருந்தது. யிமின் திருவிழா அந்த வேலைக்கு வந்துசேர்ந்தது. தைபேயிலும் இப்போது வருடந்தோறும் அது நடக்கிறது.

## கோலாலம்பூரில் இதன் உறவு

இறந்த தம் ஆட்களைத் தெய்வமாக்கும் இந்த வழக்கத்தை மலேசியத் தமிழர்கள் தினமும் கடந்துபோகிறார்கள். கோலாலம்பூரில் ஜாலான் துன் எச். எஸ். லீயில் தம்புசாமி பிள்ளை தொடங்கிய மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. அதே தெருவில் கொஞ்ச தூரத்தில், தெருவின் கோட்டோடு ஒட்டாமல் சாய்வாகத் திரும்பி நிற்கும் சீனக் கோயில் ஒன்று உண்டு. நிலக்குறி பார்த்துத் திசை வைத்ததால் அந்தச் சாய்வு என்பார்கள். சின் சே சி யா கோயில், 1864-இல் யாப் ஆ லோய் நிறுவியது. அவர் ஹுய்சோவ் வட்டாரத்து ஹக்கா, ஈயச் சுரங்க முதலாளி, 1868-லிருந்து கோலாலம்பூர்ச் சீனர்களின் கப்பித்தான், அதாவது சமூகத் தலைவர்.

அங்கே மூலத் தெய்வமாக இருக்கும் சின் சே யா முன்பு இன்றைய சிரம்பான் வட்டாரமான சுங்கை ஊஜோங்கில் கப்பித்தானாக இருந்த ஷின் காப். 1860-இல் சுரங்கத் தகராறில் வெட்டுப்பட்டுச் செத்தார். கழுத்திலிருந்து வெள்ளை ரத்தம் வழிந்ததாகக் கதை. யாப் ஆ லோய் அவரிடம் வேலை பார்த்தவர். பக்கத்தில் இருக்கும் சி சே யாவும் யாப்புக்காகச் சண்டையிட்டவர் என்கிறது மரபு. ஷின்புவில் பெயர் தெரியாத கூட்டம் பலகையாக இருக்கிறது. இங்கே பெயர் தெரிந்த இருவர் சிலையாக இருக்கிறார்கள். பீடத்தின் அடியில் மூன்று தடவை தவழ்ந்து வந்தால் நல்லது நடக்கும் என்று இன்றும் ஆட்கள் குனிந்து நுழைகிறார்கள். யாப் ஆ லோய் 1885-இல் காலமானார். அதே கோயிலில் இப்போது அவருக்கும் ஒரு சிலை உண்டு, ஊதுபத்தியும் உண்டு.